எண்ணெய் வண்ணமும் சாதிப் பெருமையும்

ஓரகடம் கார் ஆலைகளின் பெயின்ட் ஷாப்பில் நிற்கும் தோழர்களே! நீங்கள் அடிக்கும் வண்ணத்தில் உங்கள் பெயர் இருப்பதில்லை. அதனால் உங்களிடம்தான் ரவிவர்மாவைப் பற்றிப் பேச வேண்டும்.

கிளிமானூர் அரண்மனையில் 1848இல் பிறந்தவர். எண்ணெய் வண்ண நுட்பத்தை அவருக்குச் சொல்லித்தர திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு மறுத்தார். பொறாமையாம்! சம்பளத்துக்கு உருவப்படம் வரைகிறவருக்கு அந்த நுட்பத்தை விட்டால் வேறென்ன சொத்து? ராமசாமியின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவில் ரகசியமாகக் கற்றுக்கொடுத்தார் என்கின்றன ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாறுகள். 1873இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் வாங்கியவர் ரவிவர்மா.

அவர் திறமைசாலிதான், மறுக்கவில்லை. ஆனால் சம்பளக்காரர் கையில் தொழிலாக இருந்தது, அரண்மனைக்காரர் கைக்கு வந்ததும் கலையாகிவிட்டது. ஆறுமுகம் பிள்ளை வரைந்த படம் ஒன்றையாவது பார்த்திருக்கிறீர்களா?

நாயுடு, பிள்ளை என்ற பட்டம் இருந்தவர்களுக்கே இந்தக் கதி. அந்தப் பட்டமும் இல்லாத மக்கள், அதே திருவிதாங்கூரில் 1936 வரை கோயிலுக்குள்ளேயே நுழைய முடியாது.