பரணில் கிடக்கும் வெள்ளியை அறிந்துகொள்வோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் உள்கடன் மனுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு அக்கா, "எனக்குக் கடன் வேண்டாம் மேடம். பாட்டி காலத்து வெள்ளியைப் பழைய சாமான் கடையில போட்டு பிள்ளைக்கு பீஸ் கட்டிட்டேன்" என்றார். எவ்வளவு எடை என்று கேட்டேன். "தெரியலை மேடம். அவரே தராசுல வச்சார், அவரே சொன்னார்" என்றார். சங்கத்தில் பத்து ரூபாய் சேமிப்புக்கும் நோட்டில் வரவு வைக்கச் சொல்கிறோம். பாட்டி கொடுத்த சொத்தை மட்டும் கணக்கே இல்லாமல் கொடுத்துவிடுகிறோம்.

அந்த அக்காவை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. நான் சமூகப்பணி படித்தபோது பீஸ் கட்ட, அம்மா தன் தண்டையையும் பன்னிரண்டு வெள்ளி ரூபாயையும் ஒரு கடையில் கொடுத்தார். கடைக்காரர் "பொடி அதிகம்" என்று எடையில் குறைத்தார். பிறகு "பழைய வெள்ளிக்கு ரேட் கம்மி" என்று விலையிலும் குறைத்தார். ஒரே கழிவை இரண்டு தடவை எடுத்தார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று எனக்கே தெரியாது. உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன்.

பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள்

சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், சீக்கிரம் வளைந்துவிடும். அதனால் செம்பு கலந்துதான் நகை, பாத்திரம் செய்கிறார்கள். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி இருந்தால் அது ஸ்டெர்லிங் வெள்ளி. நம் ஊர்க் கடையில் இதையே "டச்" என்பார்கள். 70 டச் என்றால் நூறு கிராமில் எழுபது கிராம்தான் வெள்ளி.

"ஜெர்மன் சில்வர்" என்பதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. வெள்ளைக்காரர் பங்களாச் சாமான் என்று பழைய கடையில் ஸ்பூன், தட்டு விற்பார்கள். அடியில் இ, பி, என், எஸ் என்று நாலு இங்கிலீஷ் எழுத்து இருந்தால் மேலே வெள்ளி முலாம் மட்டும்தான். இங்கிலாந்தில் செய்த ஸ்டெர்லிங் என்றால் நடந்துபோகும் சிங்கம் ஒன்று பொடியாகக் குத்தியிருக்கும். எழுத்து தெரியவில்லை என்றால் படிக்கிற பிள்ளையை ஒரு லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கும் ஹால்மார்க் உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைக்கும் ஆறு இலக்க அடையாள எண் போடும் முறை வந்தது. கட்டாயம் என்று இல்லாமல் விருப்ப அடிப்படையில் கொண்டு வந்தார்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். பாட்டி காலத்துப் பொருளில் இந்த முத்திரை இருக்காது. முத்திரை இல்லை என்பதால் அது போலி ஆகிவிடாது.

வீட்டிலேயே செய்யும் மூன்று சோதனை

முதலில் கண்ணால் பாருங்கள். வெள்ளி கறுக்கும், துரு பிடிக்காது. ஓரம், கைப்பிடி, அடிப்பக்கம் தேய்ந்த இடத்தில் மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் உள்ளே பித்தளை அல்லது செம்பு.

இரண்டாவது காந்தம். ஒட்டினால் அது நல்ல வெள்ளி இல்லை. ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று முடிவு கட்டாதீர்கள். செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது.

மூன்றாவது தண்ணீர். மசாலா பாக்கெட் போடும் குழுவின் எலக்ட்ரானிக் தராசு போதும். பொருளை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யம் ஆக்குங்கள். பொருளை நூலில் கட்டி, கையில் பிடித்தபடியே முழுவதும் மூழ்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் தொடக்கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுக்க வேண்டும். வெள்ளி என்றால் 10, பத்தரை பக்கம் வரும். பித்தளை, ஜெர்மன் சில்வர் என்றால் எட்டரை, 9 பக்கம் நின்றுவிடும்.

இதோ மேசையில் செய்து பார்த்தோம். கெட்டிக் காப்பு 124 கிராம், தண்ணீரில் 12 காட்டியது. வகுத்தால் 10-க்கு மேல். வெள்ளி. நம் உறுப்பினர் ஒருவர் வெள்ளி என்று வாங்கிய சந்தனக் கிண்ணம் 104 கிராம், அதுவும் 12 காட்டியது. வகுத்தால் 9 கூட வரவில்லை. பாவம், கொடுத்த காசு போச்சு. ஆனால் உள்ளே கூடாக இருப்பது, அரக்கு அடைத்தது, கல் வைத்தது, இவற்றுக்கு இந்தச் சோதனை சரிப்படாது.

ஆசிட் ஊற்றிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். கை வெந்துபோகும். "பாலிஷ் போட்டுத் தருகிறோம்" என்று வாசலுக்கு வருகிறவர்களிடமும் கொடுக்காதீர்கள். அந்தத் தண்ணீரில் வெள்ளி கரைந்து அவர்களோடு போய்விடும்.

ராஜா தலை ரூபாய்

1835 முதல் 1939 வரை வந்த பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய் நாணயம் 11.66 கிராம். அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940-ல் இருந்து பாதிதான் வெள்ளி. 1947 தேதி போட்ட, புலி படம் உள்ள ரூபாய் நிக்கல். அது காந்தத்தில் ஒட்டும். ஆகவே வருஷத்தைப் பார்த்துத் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட விடாதீர்கள். புளி, சாம்பல் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். நாணயம் சேகரிப்பவர்கள் தேய்க்காத காசைத்தான் விரும்புவார்கள். சில வருஷத்துக் காசுக்கு வெள்ளி விலைக்கு மேலேயே கிடைக்கும்.

கடையில் கேட்க வேண்டிய நாலு கேள்வி

எடை எவ்வளவு? டச் எவ்வளவு? இன்றைய வெள்ளி விலை என்ன? கழிவு எதற்கு?

150 கிராம் கொலுசு, 70 டச் என்று வையுங்கள். சுத்த வெள்ளி 105 கிராம். அதை இன்றைய விலையால் பெருக்கினால் மதிப்பு வந்துவிடும். டச்சுக்காக எடையைக் குறைத்த பிறகு "பழைய வெள்ளி ரேட்" என்று சொன்னால், "ஏற்கெனவே கழிச்சிட்டீங்களே, மறுபடியும் எதுக்கு?" என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் பொருளை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். டவுனில் மெஷினில் டச் பார்த்துச் சீட்டு கொடுக்கும் இடங்கள் உண்டு. மெஷின் மேல்பரப்பைத்தான் பார்க்கும். முலாம் என்று சந்தேகம் இருந்தால் தேய்ந்த இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்காமார்களே, நிலப் பட்டா நம்மில் பலர் பெயரில் இல்லை. தாய்வீட்டில் இருந்து வந்த வெள்ளிதான் நம் கையில் இருக்கும் சொத்து. அவசரத்துக்கு விற்பதில் தப்பில்லை. தெரியாமல் விற்பதுதான் தப்பு.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் ஒரு லென்ஸ், ஒரு காந்தம் வாங்கி வைத்துக்கொள்ள இன்றைக்குத் தீர்மானம் போடுவோம். வீட்டில் இருப்பதை எடை போட்டு உங்கள் நோட்டில் நீங்களே எழுதி வையுங்கள். விற்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். குழுவில் இருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்கு அம்மா பக்கத்தில் வாயடைத்து நின்ற மாதிரி இனி நம்மில் யாரும் நிற்க வேண்டாம்.