சாவிகளுக்கு ஒரு பெட்டி

மெர்சிங் தோட்டப்புறத்திலும் இன்று வங்கிக்கு ஒரு கடவுச்சொல், ஊழியர் சேமநிதிக்கு ஒன்று, பிள்ளைகளின் டெலிமா பாடத்தளத்துக்கு வேறொன்று. நினைவில் நிற்காதென்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்தால், அது களவுபோகும் நாளில் எல்லாக் கதவும் திறந்துகொள்ளும்.

இதற்கென்று இணையத் தொடர்பில்லாத சிறு கருவிகள் உண்டு. ஓர் இரகசிய எண்ணை மட்டும் மனத்தில் வையுங்கள். மற்றவற்றை அது காக்கும். தொலைவிலிருந்து திருடுபவனின் கை அதற்குள் எட்டாது. ஆனால் கருவி பழுதானால்? ஆகவே ஒரு நகலைத் தாளில் எழுதி, பிறப்புப் பத்திரத்தோடு பூட்டி வையுங்கள். கருவி வாங்க இயலாதவருக்கு அந்தப் பூட்டிய தாளே போதும்.

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எவர் கேட்டாலும் கடவுச்சொல்லைக் கொடாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 997ஐ அழையுங்கள்.