காதும் காவடியும்: குத்திய புண் ஆறும் வகை

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கமாக இம்மேடையிற் சமயகுரவர் வரலாறும் திருக்கோயிற் சிறப்பும் பேசப்படும். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ புண். விழா நாளில் இது மங்கலமான பேச்சன்று எனச் சிலர் முகஞ் சுளிக்கலாம். ஆயினும் காது குத்தாத சைவப் பெண்பிள்ளையும் காவடி எடுக்காத ஊரும் நம்மிடையே அரிது. குத்துவதற்கு நாட் பார்க்கிறோம், பந்தலிடுகிறோம், பலகாரஞ் சுடுகிறோம். குத்திய மறுநாள் முதல் அந்தத் துளை என்ன ஆகின்றது என்பதை மட்டும் எவரும் பேசுவதில்லை. அது சீழ் பிடித்துவிட்டாலோ, வாய்திறப்பதே குற்றமாகி விடுகின்றது.

நம் பழைய வைத்திய நூலார் இவ்வாறு வாய்மூடி இருக்கவில்லை. சுசுருத சங்கிதை, சூத்திரத்தானத்தின் 16ஆம் அத்தியாயத்தைக் காது குத்துதற்கும் அறுந்த காதைப் பொருத்துதற்குமென்றே ஒதுக்கியிருக்கின்றது. பிறந்த ஆறாம் அல்லது ஏழாம் மாதத்திற் குழந்தையைத் தாதியின் மடியில் இருத்தி, விளையாட்டுக் காட்டித் தேற்றி, சோணையைப் பிடித்து வெயிலொளி ஊடுருவித் தெரியும் இடத்திலே நேராகக் குத்த வேண்டும் என்பது அதன் விதி. பின்பு துளையிற் பஞ்சுத்திரி இட்டு எண்ணெய் விடவேண்டும். மூன்று நாளைக்கொருமுறை சற்றுத் தடித்த திரியாக மாற்றவேண்டும். உரிய இடத்திற் குத்தினால் நோவும் இரத்தமும் மிகா. இடந் தவறினாற் காய்ச்சல், எரிவு, வீக்கம் முதலியன வரும் என்றும் அந்நூல் எச்சரிக்கின்றது.

நம் கருத்தைக் கவர்ந்தது அடுத்த பகுதியாகும். புண் பழுத்தால் அதற்குக் காரணம் யாது? கோணலான ஊசி, தகாத குத்து, அளவுக்கு மிஞ்சித் தடித்த திரி, உடலிலே தோஷங்களின் மிகுதி என்று நூல் அடுக்கிச் சொல்லுகின்றது. திரியை அகற்றி, அதிமதுரம், ஆமணக்கு வேர், மஞ்சிட்டி, யவை, எள்ளு என்பவற்றைத் தேனும் நெய்யுங் கலந்து பூசி, நன்றாக ஆறிய பின் மீண்டும் குத்துக என்று பரிகாரமும் கூறுகின்றது. பிள்ளையின் தாய் விரதம் பிழைத்தாள் என்று அந்தக் காரணங்களுள் ஒன்றேனும் இல்லை. இதனைப் பெரியோர்கள் மனங்கொள்ள வேண்டுகிறோம்.

இனி இன்றைய வைத்தியம் சொல்வதைப் பார்ப்போம். தோட்டுத்துளை என்பது சாதாரண கீறற் காயம் போன்றதன்று. இரு பக்கத்துத் தோலும் உள்நோக்கி வளர்ந்து, துளையின் சுவர் முழுவதையும் குழாய்போல் மூடவேண்டும். சோணையில் இதற்கு ஆறு முதல் எட்டுக் கிழமை வரை செல்லும். மூக்குத்திக்குச் சில மாதங்கள் வேண்டும். காதின் மேல்விளிம்பிலோ ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையும் ஆகலாம். வெளியே ஆறினாற் போலத் தோன்றும், உள்ளே ஆறியிராது. பத்தாம் நாளிலே உறவினர் கலியாணம் வந்துவிட்டதென்று போட்டிருந்த தோட்டைக் கழற்றிப் பாரமான தூக்கணத்தை மாட்டுவதனாற் கெட்ட காதுகள் பல.

முதற் சில நாட்களிற் சிறிது சிவப்பும், தொட்டால் நோவும், வெளிர்நிற நீர் கசிந்து பொருக்காக உறைதலும் இயல்பே. அது சீழ் அன்று. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கொதித்தாறிய நீர் ஒரு கோப்பையிற் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, காலையும் மாலையும் பொருக்கை நனைத்துத் துடைத்தாற் போதும். தோட்டைத் திருகித் திருகி விடுதல் நம் பாட்டிமார் வழக்கம். அது வளர்ந்துவரும் இளந்தோலை ஒவ்வொரு நாளும் கிழிப்பதாகும். ஸ்பிரிட்டும் அவ்வாறே, எரிவது கண்டு கிருமி சாகிறதென மகிழ்கிறோம், சாவது புதுத்தோலுமாகும். மஞ்சளைத் தேங்காயெண்ணெயிற் குழைத்து அப்புவதைப் பற்றிப் பலர் கேட்பார்கள். மஞ்சளின் குணத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் சமையலறைப் போத்தலில் எல்லார் கையும் பட்ட மஞ்சள், புண்வாயை அடைத்து அழுக்கை உள்ளே பூட்டிவிடும். துளை தூராதிருக்கச் செருகும் வேப்பம் ஈர்க்கும் அப்படியே. அது எந்த மரத்தில், எந்தத் தூசியில் இருந்தது என்று யார் அறிவார்?

மூன்று நாளுக்குப் பின் நோ குறையாமற் கூடுதல், சிவப்புப் படர்தல், தொட்டாற் சூடு, பச்சையோ மஞ்சளோ ஆன தடித்த சீழ், காய்ச்சல், வீங்கிய சோணை தோட்டையுஞ் சுரையையும் விழுங்குதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வைத்தியரிடம் போக வேண்டும். அதுவரை தோட்டை நாமாகக் கழற்றலாகாது. வாய் மூடிக்கொண்டாற் சீழ் உள்ளே தங்கிக் கட்டியாகும். சுசுருதர் திரியை எடுக்கச் சொன்னாரே எனில், அது நீரை உறிஞ்சி ஊறும் பஞ்சு. இது சீழ் வழிய வாயைத் திறந்து வைத்திருக்கும் உலோகம்.

சில காதுகளிற் சீழ் இராது. தினவும் பொரிவும் நீர்க்கசிவுமே இருக்கும். மருந்து பூசினாலும் மாறாது. அங்கே குற்றவாளி கிருமியன்று, மலிவான நகைகளிலே கலந்துள்ள நிக்கல் என்னும் உலோகம். நகையை மாற்றினால் நோயும் மாறும்.

காதின் மேல்விளிம்பைப் பற்றி இளைஞர்களுக்கு, சிறப்பாக நகரத்து அழகு நிலையங்களுக்குச் செல்வோருக்கு, ஒன்று சொல்ல வேண்டும். சோணை தசையும் கொழுப்புமாம், மேல்விளிம்பு கசியிழையம். அதற்கென்று தனி இரத்தக்குழாய் இல்லை. மேலே போர்த்திய மெல்லிய சவ்விலிருந்தே ஊட்டம் பெறுகின்றது. துப்பாக்கி போன்ற கருவியால் மொட்டையான தோட்டை அடித்து ஏற்றும்போது அந்தச் சவ்வு நசுங்கி விலகுகின்றது. அங்கே சூடோமோனாசு என்னும் கிருமி புகுந்தால் வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றிற்கு அது மசியாது. தாமதித்தாற் கசியிழையம் அழிந்து காது சுருங்கிவிடும். பின்பு அதனை மீட்பது அரிது. அக்கருவியிற் பிளாத்திக்குப் பாகமிருப்பின் கொதிநீராவியில் இட்டுத் தூய்மை செய்யவும் இயலாது. நம் ஊர்த் தட்டாரின் கூரிய ஊசி, தூய்மையாக இருக்குமாயின், இதனிலும் மேலானதே.

இன்னொன்று, ஆறிய பின் வரும் தொல்லை. துளையைச் சுற்றித் தழும்பு தடித்து, மாதக்கணக்கில் வளர்ந்து, காயத்தின் எல்லையையுங் கடந்து உருண்டையாகி நிற்கும். இதனைக் கீலொயிட் என்பர். கருநிறத் தோலினரிடம் இது கூடுதல். சில குடும்பங்களிற் பரம்பரையாகவும் வரும். இளம்பிள்ளைக் காதிலும், பதினொரு வயதுக்குப் பின் குத்திய காதிலே கூடுதலாகக் காணப்படுகின்றது. வெட்டி எறிந்தால் முன்னிலும் பெரிதாக வளர்வதுண்டு. ஆகவே தழும்பினுள்ளே ஊசி மருந்து ஏற்றியும் அழுத்தம் கொடுத்தும் வைத்தியர்கள் அடக்குகிறார்கள். தாய்க்கோ தமையனுக்கோ இவ்வாறு இருப்பின் இரண்டாந் துளையை விரும்பாதிருத்தல் நன்று.

இவையெல்லாம் ஆங்கில வைத்தியம், தமிழிற் சொல்லிப் புரியுமா என்று கேட்பாரும் உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிசன் வைத்தியர், நம் முன்னோருக்கு இரணவைத்தியத்தைத் தமிழ் நூல் கொண்டே கற்பித்தார். அந்நியர் ஒருவர் அன்று சொல்லக் கூடியது, நமக்கு இன்று சொல்லக் கூடாதா?

இனிக் காவடிக்கு வருவோம். கதிர்காமத்திலும், மாத்தளை முத்துமாரியம்மன் தேர்விழாவிலும், வடபகுதிக் கோயில்கள் பலவற்றிலும் முதுகிற் செடில் குத்தியும் கன்னத்தில் அலகு பூட்டியும் அடியார்கள் நேர்த்தி தீர்க்கிறார்கள். அந்த அன்பைக் குறைகூற நாம் வரவில்லை. செடில் அன்றே கழற்றப்படுவதால் துளை விரைவில் மூடிக்கொள்ளும். அதுதான் அபாயமும். வாய் சிறிது, ஆழம் பெரிது. மேலே மூடியபின் உள்ளே போன அழுக்குக்கு வெளியேற வழியில்லை. காற்றுப்படாத ஆழத்திலேதான் ஏற்புக் கிருமி வளரும். அதன் வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் உள்ளன. ஆகவே செடில் கழற்றியவுடன் துளையிலே திருநீற்றை அழுத்துவதை விடவேண்டும். திருநீற்றைப் பழிப்பதாக எவரும் கொள்ளற்க. அதற்குரிய இடம் நெற்றியும் மார்பும் புயமுமாம், திறந்த புண்ணன்று. இலங்கையிற் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 1978இற் தொடங்கியது. ஆயினும் ஏற்பூசி போட்டுப் பத்தாண்டு கடந்தவர்கள், நேர்த்திக்கு நாட் குறிக்கும்போதே இன்னொன்று போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒருவர் முதுகில் ஏறிய முள்ளைத் துடைத்துவிட்டு மற்றவர் முதுகில் ஏற்றுவதைக் கண்டிருக்கிறோம். இதைவிடத் தீங்கான வழக்கம் வேறில்லை. ஈரலைத் தாக்கும் ஹெபற்றைற்றிசு பி வைரசு, உலர்ந்த இரத்தத்தில் ஏழு நாள் வரையும் உயிரோடிருக்கும். அதற்கான தடுப்பூசி நம் நாட்டுக் குழந்தைகளுக்கு 2003 முதலே வழக்கில் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களிற் பலர் அதைப் பெற்றிருக்க மாட்டார்கள். ஒருவருக்கு ஒரு தொகுதி முள். அதுவும் 121 பாகை நீராவியில் அழுத்தத்துடன் தூய்மை செய்யப்பட்டதாக இருத்தல் வேண்டும்; வெறுங் கொதிநீர் ஏற்பு வித்துக்களைக் கொல்லாது. சலரோகம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமற் செடில் குத்தலாகாது. அவர்களுடைய புண் ஆறுவதும் பிந்தும். சீழும் எளிதிற் பிடிக்கும்.

நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், ஊரின் பெயர் வேண்டாம், காவடி எடுத்த ஐந்தாம் நாள் முதற் கிணற்றடியிலும் சேட்டைக் கழற்றாமற் குளித்தார். எட்டாம் நாட் காய்ச்சலிற் கிடந்தபோது, சேட்டு முதுகோடு ஒட்டியிருப்பதை அவர் தாயார் கண்டார். ஆசுப்பத்திரியிற் கட்டியை வெட்டிச் சீழை எடுத்தார்கள். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது அவர் சொன்ன விடை: "விரதத்தில மச்சம் தின்றிட்டான் எண்டு சொல்லுவினம்." இருபத்தொரு நாள் ஒரு வேளை உண்டு, நிலத்திற் கிடந்து, ஒரு பிழையுமின்றி நோன்பிருந்த பிள்ளை அவர். அவரை ஆசுப்பத்திரிக்குப் போகவிடாமல் மூன்று நாள் தடுத்தது கிருமியன்று, அயலவரின் நாக்கு.

மிசன் பள்ளிக்கூடத்திற் படித்த நாம் யோபுவின் கதையைப் பாடமாகக் கேட்டவர்கள். உடலெங்கும் புண்ணாய்ச் சாம்பலில் இருந்தவனிடம், நீ பாவஞ் செய்தாய், அதனால் வந்தது என்று நண்பர்கள் வாதித்தார்கள். முடிவிற் கண்டிக்கப்பட்டவர்கள் அந்த நண்பர்களே. கதை அவர்களுடையதாயினும் அந்த நண்பர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். விரதம் நோற்றவன் முதுகிலும் கிருமி ஏறும். நோலாதவன் முதுகு சுகமாக ஆறவுங் கூடும். முருகன் அடியானின் நோன்பைச் சீழின் நிறம் பார்த்து அளப்பது எந்தச் சாத்திரம்?

ஆதலின் அடுத்த திருவிழாவுக்குச் சங்கம் செய்யக்கூடிய ஒரு சிறு பணியைச் சபையின்முன் வைக்கிறோம். தண்ணீர்ப்பந்தலை இவ்வாண்டும் நடத்துவோம். அதனருகே ஒரு மேசை, கொதித்தாறிய உப்புநீர், தூய பஞ்சு, கையுறை, ஒரு பதிவுக் கொப்பி. செடில் குத்துவோர் பெயரையும் ஏற்பூசி போட்ட நாளையும் முன்கூட்டியே பதியவேண்டும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் நம் உறுப்பினர் இருவர் வீட்டுக்குச் சென்று முதுகைப் பார்த்து வரவேண்டும். வேறொன்றும் விசாரிக்கக் கூடாது. முள்ளுகளை நீராவியிற் சுத்தி செய்து தருமாறு வைத்தியசாலையாரிடம் எழுத்திற் கேட்கலாம். பெண்களின் காது, மூக்குப் புண்களைப் பார்க்கத் தாய்மார் இருவர் முன்வந்தால் நலம். பெயர் தர விரும்புவோர், கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் கொடுத்துவிடலாம்.