சுவைஞரின் துலாக்கோல்

(பனமரத்துப்பட்டியில், இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பனமரத்துப்பட்டி அரளிப்பூவுக்குப் பெயர்பெற்ற மண். மொட்டாகப் பறிக்கப்பெறும் அரளி, சேலத்துச் சந்தையில் நிறுக்கப்படுகிறது. விழா நாளில் ஒரு விலை. மற்ற நாளில் வேறொரு விலை. பூ என்னவோ அதே பூதான். விலை வேறு, தரம் வேறு என்பதைப் பூப்பறிக்கும் கைகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இசையைப் பொறுத்தவரை அந்தத் தெளிவு சுவைஞர்களிடம் இருக்கிறதா என்பதே இவ்வுரையின் பொருள்.

இன்று அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட கச்சேரியும் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. தாம் கேட்டதை ஒருவர் நண்பருக்கு அனுப்புகிறார். நண்பர் கேட்டுவிட்டு ஐந்துக்கு நான்கு விண்மீன் இடுகிறார். அனுப்புவது பகிர்வு, விண்மீன் இடுவது மதிப்பீடு. இவ்விரண்டும் புதியன அல்ல. ஆனால், பகிர்வு ஒரு மனிதர் மற்றொருவரோடு பேசும் பேச்சு. மதிப்பெண்ணோ பேச்சை முடித்துவைக்கும் முத்திரை.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இதற்கு நல்ல சான்று. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். கலையை மதிக்கும் முறை அது. காரணம் சொல்லும் முறை. அந்த வரிசையில் கவிஞனுக்கும் இடம் இருப்பதைக் கவிஞர்கள் கருதிப் பார்க்கலாம். காதையின் முடிவில் மாதவி தலைக்கோல் பெறுகிறாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் மாலையும் பெறுகிறாள். அடுத்து நடப்பது என்ன? கூனி அம்மாலையை ஏந்தி வீதியில் நிற்கிறாள். மாலையை வாங்குபவனே மாதவியின் கணவன். கோவலன் வாங்குகிறான். ஆடலுக்கு அளித்த மதிப்பு, ஆடியவளின் விலையாக மாறியது! காரணத்திலிருந்து பிரிந்த எண், நேரே சந்தைக்கே போய்ச் சேரும். காப்பியத்தின் துயரக் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

காரணத்தோடு பேசிய சுவைஞர் ஒருவருக்கு இச்சமவெளியோடு உறவு உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி 1925இல் தொடங்கிய காந்தி ஆசிரமத்தில், 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழில் பணியாற்றியவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. பின்னர் 'ஆனந்த விகடன்' இதழில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் இசை விமரிசனம் எழுதினார். சபா நாற்காலியில் ஒருநாளும் அமர்ந்திராத வாசகனும் அதைப் படித்தான், சிரித்தான், கச்சேரியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டான். நன்று, நன்றன்று என்று மட்டும் எழுதியிருந்தால் அவன் எதைக் கற்றிருப்பான்?

மதிப்பெண் எப்போதும் எண்ணாகவே வருவதில்லை. சில வேளைகளில் அது இடமாகவும் வரும். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) வடிவமைத்த கச்சேரி முறை இன்றளவும் நிலைத்து நிற்கிறது. வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகளும் விரிவான இராகமும் கடந்து, இறுதியில் 'துக்கடா' என்ற சிறு உருப்படிகள் வரும். தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி வரிசையிலேயே அமர்த்தப்பட்டன. எவரும் வெளிப்படையாகக் குறைத்துச் சொல்லவில்லை, இடமே சொல்லிவிட்டது. 1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாடு இதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. இராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. கல்கியும் இராஜாஜியும் இவ்வியக்கத்தின் பக்கம் நின்றனர். மொழிப்பற்றால் இசையின் தரம் தாழும் என்று மறுத்தவர்களும் அறிஞர்களே. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தரம் தாழ்ந்தது என்று சொல்லப்பட்ட பாடலை, கச்சேரியின் நடுவில், ஒரு மணி நேரம் விரித்துப் பாட இடம் கொடுத்துப் பார்த்தபின்பா அத்தீர்ப்பு வழங்கப்பட்டது?

வானொலி வேறொரு துலாக்கோலைக் கொண்டுவந்தது. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. சபாவுக்குச் செல்ல இயலாத உழவர் வீட்டுக்கும் நெசவாளர் தெருவுக்கும் இசையைக் கொண்டுசேர்த்த பெருமை அவற்றுக்கு உண்டு. பி.வி. கேஸ்கர் அமைச்சராயிருந்த 1950களில் கலைஞர்களுக்குக் குரல்தேர்வு வைத்துத் தரம் பிரிக்கும் முறை வந்தது. நடுவர் கண்ணில் கலைஞர் படாதபடி பாட வேண்டும் என்பது அதன் நல்ல நோக்கம்; முகத்துக்கும் குடிப்பிறப்புக்கும் அங்கே இடமில்லை. ஆயினும் புகழ்பெற்ற கலைஞர்கள் பலர் அதை எதிர்த்தனர். தேர்வு முடிந்ததும் கையில் நிற்பது 'பி', 'பி-ஹை', 'ஏ', 'டாப்' என்னும் எழுத்து ஒன்றே. சன்மானமும் வாய்ப்பும் அந்த எழுத்தைத் தொடர்ந்தன. ஏன் அந்த எழுத்து என்பது கேட்பவர் காதுக்கு எட்டவில்லை.

இன்றைய விண்மீன்களின் சிக்கல் இதைவிடப் பெரிது. ஏற்கெனவே பலர் கேட்டதையே கருவி மேலும் பலருக்கு முன் வைக்கிறது. பெருமழையில் நிறைந்த ஏரிக்கே மறுபடியும் வாய்க்கால் வெட்டுவது போன்றது அது. கோயில் திருச்சுற்றில் தேவாரப் பண் பாடும் ஓதுவார், பந்தலில் எவரும் செவிகொடாத வேளையிலும் தோடியை முறையாக ஆலாபனை செய்யும் நாதசுரக் கலைஞர் ஆகியோருக்கு ஒரு விண்மீனும் விழுவதில்லை. ஒலிப்பதிவே இல்லாதவருக்கு மதிப்பெண் எங்கிருந்து வரும்? கேட்க ஆளில்லாத இசை குறைந்த மதிப்பெண் பெற்று அழிவதில்லை; மதிப்பெண் பட்டியலிலேயே ஏறாமல் அழிகிறது. இழப்பு கலைஞருக்கு மட்டும் அன்று. அவர் மகன் வேறு தொழிலுக்குப் போகும் நாளில், ஊர் தன் காதுகளில் ஒன்றை இழக்கிறது.

என்ன செய்யலாம்? 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடமே பாடியது. டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) நாதசுரத்தை அந்தச் சிறு பொழுதில் கேட்டவர்கள், அதை ஆண்டுக்கணக்கில் பேசினர். தட்டு சிறிது, பேச்சு பெரிது. இன்று தட்டு பெரிதாகிவிட்டது, பேச்சுதான் சுருங்கிவிட்டது. அப்பேச்சை மீட்பது சுவைஞர் கையில் உள்ளது. ஒரு பாடலைப் பரிந்துரைப்பவர் மூன்று செய்திகளைச் சொல்லட்டும்: பாடுபவர் யார், இராகமும் தாளமும் யாவை, எந்த இடத்தில் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். கேட்டவர் எண்ணுக்குப் பதில் ஒரு வாக்கியம் சொல்லட்டும். உடன்படாதவர் காரணத்தோடு மறுக்கட்டும். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது விமரிசனம் ஆகாது; 'இங்கே சொல் சிதைந்தது' என்பது விமரிசனம்.

கவிஞர் பெருமக்களே, இது கவிதைக்கும் பொருந்தும். பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் கவிதை படித்தவர் ஒவ்வொருவரும் அறிவர்: கைதட்டல் அன்றிரவே மறந்துபோகும், 'அந்த மூன்றாம் அடியை மறுபடி படியுங்கள்' என்று ஒருவர் கேட்டது மறப்பதில்லை.

பதினோராம் ஆண்டில் வட்டம் மாதந்தோறும் கூடும்போது, கவிதைக்குப் பின் கால் மணி நேரம் இசைக்கென ஒதுக்கப்படட்டும். உறுப்பினர் ஒருவர் ஓர் ஒலிப்பதிவைக் கொண்டுவந்து காரணம் சொல்லட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒலிப்பதிவு இல்லாத உள்ளூர்க் கலைஞர் ஒருவரை அழைத்து, பந்தலில் பேசும் பேச்சை நிறுத்தி, முழுதாகக் கேட்கட்டும். மதிப்பெண் எதுவும் இட வேண்டாம். கேட்டபின் அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். அக்கேள்வியே அவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் மாலை.