இசைக் கம்பெனிகள் இணையலாமா?

பாலக்காட்டு அக்கிரகாரங்களிலும், சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும், இடுக்கி மலையில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறோம். வெளியுலகக் காரியங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் நடைபெற, வீட்டிற்குள் தமிழைக் காத்துத் தந்தவற்றுள் பாட்டுப் பெட்டியும் ஒன்று. பம்பாயிலோ டில்லியிலோ குடியேறிய தமிழர்க்கும் இது பொருந்தும். ஆகவே, பாட்டுப் பெட்டிக் கம்பெனி ஒன்று மற்றொன்றை விலைக்கு வாங்கலாமா என்னும் கேள்வி பங்குதாரருக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது.

இதற்குப் பழைய கிராமபோன் வியாபாரமே தக்க சான்று. நாய்ச் சின்னத்துடன் விளங்கிய ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸும் கொலம்பியாவும் கடும் போட்டியில் இருந்தன. ஓடியன் தட்டுக்களை வெளியிட்ட ஜெர்மன் கம்பெனியைக் கொலம்பியா 1920களிலேயே தன்வசமாக்கிக்கொண்டது. 1929இல் தோன்றிய பொருளாதார மந்தத்தால் தட்டு விற்பனை சரிந்தது. 1931இல் எல்லாம் சேர்ந்து இ.எம்.ஐ. என்ற ஒரே நிறுவனமாயின. கடையில் முத்திரை மூன்று, முதலாளி ஒருவர்.

இதனால் நன்மை விளையவில்லையா? விளைந்தது. கொலம்பியாவில் பணிபுரிந்து வந்த பொறியாளர் ஆலன் புளூம்லீன், புதிய நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து 1931 டிசம்பரில் இரட்டை ஒலி முறைக்குக் காப்புரிமை கோரினார். தனித்தனியே நலிந்திருக்கக்கூடிய கம்பெனிகள் சேர்ந்ததால் ஆராய்ச்சிக்குப் பணமும் இடமும் கிடைத்தன. ஆனால் அந்த முறையில் அமைந்த தட்டுக்கள் பரவலாகக் கடைக்கு வந்தது 1958இல்தான்.

நம் நாட்டில் நிலைமை வேறு. சென்னையில் 1932இல் ஏ.வி. மெய்யப்பன் முதலியோர் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுக்களை விற்றுத் தமிழ் ரசனையை மேலிடத்துக்கு உணர்த்தியது. பாலக்காட்டை அடுத்த கோட்டாயியைச் சேர்ந்த செம்பை வைத்தியநாத பாகவதரின் கம்பீரக் குரலும், ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷமே கொண்ட 78 வேகத் தட்டுக்களில் பதிவாயிற்று. ஆயினும் எந்தப் பாட்டு பதிவாக வேண்டும், என்ன விலைக்கு விற்க வேண்டும் என்பதைப் பல்லாண்டுகள் பெரும்பாலும் ஒரே கம்பெனி தீர்மானித்தது. 1970களின் இறுதியில் கேசட் பரவிய பிறகே சிறு கம்பெனிகள் தலையெடுத்தன. நாட்டுப் பாடலும் ஊர்க் கோயில் பாடலும் ஏராளமாக வெளிவந்தன. எஸ்டேட் லயங்களிலும் டேப்ரிக்கார்டர் ஒலித்தது. போட்டியின் பயன் இது.

மறுபுறத்தையும் நோக்க வேண்டும். அந்தப் பழைய கம்பெனியே 2000இல் சரிகம எனப் பெயர் மாறிற்று. அதன் பழம் பதிவுகள் ஒரே கருவூலமாக இருந்தமையால்தான், 2017இல் வெளிவந்த கார்வான் பெட்டியில் ஐயாயிரம் தமிழ்ப் பாடல்களை அடக்கித் தர முடிந்தது.

அண்மைக் கால உதாரணம் ஒன்று. இரத்தத்திலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் கருவிகள் செய்யும் மாசிமோ கம்பெனி, டெனான், மராண்ட்ஸ் முதலிய பெயர்களையுடைய சவுண்ட் யுனைடெட்டை 2022இல் 100 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. 2025இல் அதை 35 கோடி டாலருக்கு ஹார்மனிடம் விற்றது. ஹார்மனோ 2017 முதல் சாம்சங்கின் உடைமை. தொழில் அறியாதவன் வாங்கினால் நஷ்டம் அவனுக்கு. தொழில் அறிந்தவன் எல்லாவற்றையும் வாங்கினால், தேர்ந்தெடுக்கும் உரிமை குறைவது நமக்கு.

எனவே வாங்கலாம் என்றே கூறுவோம், ஆனால் நிபந்தனையுடன். பழைய பெட்டிக்கு உதிரிப் பாகமும் பழுது பார்ப்பும் தொடர வேண்டும். பழம் பதிவுகள் அழியாமலும் விற்பனையிலிருந்து மறையாமலும் இருக்க வேண்டும். எதிர்த்து நிற்க வேறொரு கம்பெனியேனும் சந்தையில் மிஞ்ச வேண்டும். பெரிய கம்பெனியின் கணக்கில் வெளிமாநிலத் தமிழரின் வீடு மிகச் சிறிய இலக்கம். அந்தச் சிறிய இலக்கத்துக்கு என்ன நேரும் என்று கேட்காமல் முடிவாகும் எந்த விலையும் முழு விலையாகாது.