நாயும் நானும் பார்க்கும் நிறங்கள்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"விலங்கியல் படிச்சவன்தானே, பத்து நிமிஷம் ஏதாவது சுவாரஸ்யமா பேசு" என்றார் செயலாளர். சரி, நாயைப் பற்றிப் பேசுகிறேன்.

பம்மலில் எங்கள் தெருவில் சில வீட்டு வாசலில் நீலத் தண்ணீர் பாட்டில் இருக்கும். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து வைத்தால் நாய் அண்டாதாம். எங்கள் தெரு நாய்களோ அந்தப் பாட்டில் பக்கத்திலேயே சுருண்டு படுத்துத் தூங்குகின்றன!

நாய்க்கு எல்லாமே கறுப்பு வெள்ளைதான் என்று நாம் படிக்கிற காலத்தில் சொல்வார்கள். அது சரியில்லை. 1989இல் அமெரிக்காவில் ஜே நெய்ட்ஸ், திமோதி கைஸ்ட், ஜெரால்டு ஜேக்கப்ஸ் என்ற மூவர் மூன்று நாய்களைப் பழக்கினார்கள். வெளிச்சம் விழும் மூன்று பலகைகளில் நிறம் மாறியிருப்பதை மூக்கால் தொட்டால் தின்பண்டம் கிடைக்கும். அதில் தெரிந்தது இதுதான். நிறம் அறியும் கூம்பு செல்கள் மனிதனுக்கு மூன்று வகை, நாய்க்கு இரண்டு வகை. ஒன்று 429 நானோமீட்டர் அருகிலும் மற்றது 555 அருகிலும் நன்றாக வேலை செய்கிறது. ஆகவே நீலமும் மஞ்சளும் நாய்க்குத் தனித்தனியாகத் தெரியும். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி மங்கல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரியும். நீலப் பாட்டில் அதற்கு நன்றாகவே தெரிகிறது, பயம்தான் இல்லை! அதே சமயம், மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதில் நம்மைவிட நாய் கெட்டிக்காரன்.

இப்போது என் கதை. படிப்பு முடித்ததும் ஒரு வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறினேன். மருத்துவப் பரிசோதனையில் கலர் புள்ளிகள் நிறைந்த புத்தகத்தைக் காட்டி, "என்ன நம்பர் தெரியுது?" என்றார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "தம்பி, உனக்குச் சிவப்பு பச்சை பிரிச்சுப் பார்க்க வரலை" என்றார் டாக்டர். வேலை போயிற்று. விடுதியில் ஒரே அறையில் இருந்த நண்பர்களிடம்கூட இதைச் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

வெட்கப்பட என்ன இருக்கிறது? அணுக் கொள்கை தந்த ஜான் டால்டன் 1794இல் தமக்கு இதே குறை இருப்பதை மான்செஸ்டரில் சபை நடுவே சொன்னார். அவர் 1844இல் காலமான பின் பாதுகாத்து வைத்த கண்ணை 1995இல் மரபணுச் சோதனை செய்து, பச்சைக்கு உரிய கூம்பு நிறமி அவருக்கு இல்லை என்று உறுதிப்படுத்தினார்கள்.

இந்தக் குறை மகள் வழியாகப் பேரனுக்கு வரும். மகளுக்கு எல்லா நிறமும் தெரியும், அவளுடைய ஆண் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் பேரன் இரண்டாம் வகுப்பு. இலைக்குப் பழுப்புக் கலர் அடித்திருக்கிறான். "கவனம் இல்லை" என்று நோட்டில் எழுதி அனுப்பினார்கள். அன்றிலிருந்து படம் வரைவதையே விட்டுவிட்டான்.

ஒருநாள் அவனும் எங்கள் வீட்டு நாய் மணியும் புல்லில் விழுந்த சிவப்புப் பந்தைத் தேடுகிறார்கள். நானும் போய்த் தேடினேன். மூன்று பேருக்கும் கிடைக்கவில்லை. எதிர்வீட்டு அம்மா வந்து, "கண்ணு முன்னாலதானே இருக்கு சார்!" என்று எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பையனைக் கண் டாக்டரிடம் காட்டினோம். அதேதான்.

"தாத்தாவுக்கும் இப்படித்தான்டா, மணிக்கும் இப்படித்தான்" என்றேன். "அப்ப நாம மூணு பேரும் ஒரு கட்சியா?" என்று கேட்டுச் சிரித்தான். இப்போது வீட்டில் நீலப் பந்து. கலர் பென்சில் ஒவ்வொன்றிலும் அதன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறோம். மறுபடியும் வரைகிறான்.

நம்மில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். இலைக்குப் பழுப்பு அடிக்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் ஒருமுறை கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். எனக்கு இருபத்தொரு வயதில் தெரிந்தது, அவனுக்கு ஏழு வயதில் தெரிந்துவிட்டது. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.