காவலன் யார்?



"மக்கள் பெருகிவிட்டனர், ஆகவே காடு அழிகிறது" என்கின்றனர். பெருகியது மெய்தான். 1951இல் ஏறத்தாழ 3 கோடிப் பேர் வாழ்ந்த தமிழகத்தில், 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி 7.21 கோடிப் பேர். ஆனால் பெரும்பகுதி பெருகியது சமவெளியில். பழி சுமப்பவனோ மலைவாழ் மகன்! இது முறையா?

கல்வராயன் மலையைப் பாருங்கள். கோமுகி அங்கே பிறக்கிறாள். மணிமுத்தாறும் அங்கிருந்தே இறங்குகிறது. மரமும் சருகும் மூடிய சரிவில் விழும் மழை, மண்ணுக்குள் இறங்கி, ஓடையாய்க் கசிந்து, கோமுகி அணையை அடைகிறது. கள்ளக்குறிச்சி வட்டாரத்து வயல் விளைகிறது. சரிவு மொட்டையானால்? பெய்த மழை அன்றே வெள்ளமாய்ப் பாயும். அடித்து வரும் மண் அணையைத் தூர்க்கும். அடுத்த திங்களே ஓடை வறளும். காடு, மலைக்கு அணிகலன் மட்டுமன்று. சமவெளி உழவனின் முதல் அணை!

மலைப்பகுதியில் மூன்றில் இரு பங்கேனும் காடாக இருத்தல் வேண்டுமென 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை கூறுகிறது. நன்று. காப்பவன் யார்?

நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1976இல், அம்மலையை அரசு ஜாகிர்தார்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதுவரை மலையாளிப் பழங்குடி மகன், பாட்டன் உழுத மண்ணிலேயே பிறர்க்குப் பணிசெய்து கிடந்தான். நாளை தன்னை வெளியேற்றுவரோ என்று அஞ்சுகிறவன், நூறாண்டு நிற்கும் மரத்தை எந்த நம்பிக்கையில் வளர்ப்பான்?

"உரிமை தந்தால் காட்டை வெட்டுவான்" என்பர் சிலர். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைப் படிக்கட்டும்! 2005 டிசம்பர் 13க்கு முன்பே கைக்கொண்டிருந்த நிலத்துக்கே பட்டா. அதுவும் 4 ஹெக்டேருக்கு மேல் இல்லை. பிள்ளைக்கு அது போகும். பணமூட்டையோடு மலையேறி வருபவனுக்கு விற்க இயலாது. காட்டையும் நீர்நிலையையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு வழங்குவதும் அதே சட்டந்தான். உரிமையும் காவலும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டுள்ளன. பிரித்துப் படிப்பது நமது குற்றம்.

சாலை வேண்டாமென்றோ, பள்ளியும் மருத்துவமனையும் வேண்டாமென்றோ சொல்லவில்லை. அவை வரட்டும், விரைந்தே வரட்டும்! ஆனால் எந்தச் சரிவை வெட்டுவது, எந்த ஓடையைத் தொடாது விடுவது என்பதை அம்மக்களின் கிராம சபையைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்கிறோம்.

சமவெளித் தோழனே! உன் வாய்க்காலில் ஓடும் நீர் அவன் காட்டிலிருந்து வருகிறது. அவன் உரிமைக்குக் குரல் கொடு. அது உன் வயலுக்கும் கொடுக்கும் குரல்!